கையில் பச்சை இல்லாதவரிடம் கையை நீட்டலாமா?

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கோட்டாற்றில் போர்டு எழுதும் ஓவியராகத் தொடங்கி, நாகர்கோவிலில் 15 ஆண்டுகளாக டாட்டூ கடை நடத்தி வருபவர்.

கேள்வி: அண்ணா, இறந்துபோன அப்பாவின் கையெழுத்தை என் கையில் பச்சை குத்திக்கொள்ள ஆசை. நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். குத்துகிறவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு புள்ளி பச்சை இல்லை, கழுத்திலும் இல்லை. மனசு என்னவோ போல் ஆகிவிட்டது. "அப்புறம் வாறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். "சமைக்கிறவன் ருசி பார்க்காத குழம்பை யாராவது குடிப்பானா?" என்கிறான் நண்பன். நான் வந்துவிட்டது சரிதானா?
— ஒரு வாசகர், வயது 24, தக்கலை

தம்பி, என் கையிலும் பச்சை கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சொல்வதை எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்கு வருகிறவர்கள் என் கையைப் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறேன். முதலில் கை, அப்புறம் சுவரில் மாட்டியிருக்கும் படங்கள், மறுபடியும் கை. தைரியம் உள்ளவர்கள் கேட்டுவிடுவார்கள். ஆண்கள் என்றால் உள்ளே அழைத்துப்போய் வேட்டியை ஒதுக்கி இடது தொடையைக் காட்டுவேன். பெண்கள் என்றால் போனில் படம் காட்டுவேன். அந்தத் தொடையில் 11 பச்சை இருக்கிறது. எல்லாம் நானே குத்தியவை. அழகு என்று ஒன்றையும் சொல்ல முடியாது.

நான் 16 வயதில் பிரஷ் பிடித்தவன். கடை போர்டு, பள்ளிக்கூடச் சுவர், குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்துக்குப் பெயர் எழுதுவது, இதுதான் பிழைப்பு. பிளெக்ஸ் வந்தது. ஒரு இரவில் அச்சடித்து மறுநாள் காலையில் கட்டிவிடுகிறார்கள், எனாமல் காயும்வரை யார் காத்திருப்பார்கள்? அப்படி வேலை போன காலத்தில், 2010-ல், ஒரு டாட்டூ மெஷின் வாங்கினேன். இந்த மெஷினுக்கு மூதாதை ஒரு பேனா என்பது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. காகிதத்தில் ஓட்டை போட்டு நகல் எடுப்பதற்காக எடிசன் ஒரு மின்சாரப் பேனா செய்து 1876-ல் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரைலி என்பவர் அதைத் தோலுக்கு ஏற்றமாதிரி மாற்றி 1891-ல் காப்புரிமை வாங்கினார். எழுதிப் பிழைத்தவன் கைக்கு எழுதும் கருவிதான் வந்து சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்கு ஒரு நிறைவு.

வாழைப்பழத் தோலில் பழகினேன். பழகுவதற்கென்றே சிலிகோன் தோல் என்று போலித் தோல் விற்பார்கள், அதில் இரண்டு மாதம் பழகினேன். கோடு நூல் பிடித்தமாதிரி வந்தது. சரி, கை பழகிவிட்டது என்று நினைத்து என் தொடையில் ஒரு 'அ' எழுதினேன். 20 வருஷம் சுவரில் எழுதிய எழுத்து. அன்று இரவு பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது நாள் பார்த்தால், 'அ'வின் வயிற்றுப் பக்கம் நீலமாகக் கசிந்து, ஈரச்சுவரில் மை ஊறினமாதிரி பரவியிருந்தது.

ஊசி ஆழமாக இறங்கிவிட்டது. மேல்தோல் மாதக்கணக்கில் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பது. அதில் மட்டும் மை நின்றால் பச்சை தானும் உதிர்ந்துபோகும். அதற்குக் கீழே இருக்கும் தோலில் மை நிற்கவேண்டும். ஆழம் என்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்குள். அதைத் தாண்டினால் கொழுப்பில் கசிந்து பரவிவிடும். டாட்டூக்காரர்கள் அதை பிளோ-அவுட் என்போம். சிலிகோன் தோல் இதைக் காட்டாது. அதற்கு ரத்தம் இல்லை, மூச்சு இல்லை, அது ஆறுவதும் இல்லை.

இப்போது நண்பர் சொன்ன குழம்புக்கு வருகிறேன். ருசி பார்த்திருக்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. ஆனால் ருசி பார்த்ததை ஊருக்குக் காட்டவேண்டும் என்று என்ன இருக்கிறது? இதையும் யோசித்துப் பாருங்கள். கழுத்திலும் இரண்டு கையிலும் முதுகிலும் பிரமாதமான பச்சை உள்ள ஒருவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கை வருகிறது. அதைக் குத்தியது யார்? வலதுகைக்காரர் தன் வலதுகையில் தானே குத்த முடியாது. கழுத்து, முதுகு எல்லாம் எட்டவே எட்டாது. நீங்கள் வியந்து பார்த்தது இன்னொருவரின் வேலையை. அந்த இன்னொருவர் சென்னையிலோ கொச்சியிலோ இருக்கலாம். உங்கள் கையைப் பிடிக்கப்போவது இவர். ஒருவர் தன் கையால் தன்மேல் குத்திப் பழகிய இடத்தைப் பார்க்கவேண்டும் என்றால் தொடையையும் கணுக்காலையும் இடதுகையையும்தான் பார்க்கவேண்டும். அங்கே பெரும்பாலும் கோணல்மாணல்தான் இருக்கும்.

என் மனசில் நிற்பது அந்தக் கோணல்தான். கற்றுக்கொள்கிறவனிடமிருந்து முதல் தப்பு எப்படியும் வரும். வராமல் யாருக்கும் கை பழகாது. அது யார் தோலில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. புதிதாகக் கடை போடுகிற சிலர், "ஃப்ரீயா போட்டுத் தாறேன் மக்கா, வா" என்று கடற்கரையில் சுற்றும் பையன்களைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். போன வருஷம் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 19 வயதுப் பையன் ஒருவன் வந்தான். மணிக்கட்டில் ஒரு சிலுவை. கோடு கயிறு கனத்தில் இருக்கிறது, தடவிப் பார்த்தால் தழும்பு மேடாக நிற்கிறது. யாரோ பழகுவதற்கு இவன் கையை நீட்டியிருக்கிறான். "மறைக்க முடியுமாண்ணா?" என்று கேட்டான். மையை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. அவன் போனபிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. குத்தினவனுக்கு அந்தச் சிலுவை இப்போது ஞாபகம்கூட இருக்காது. என் 'அ'வை நான் தினமும் குளிக்கும்போது பார்க்கிறேன். 15 வருஷமாகப் பார்க்கிறேன். மணிக்கட்டின் உட்புறம், கால்பாதத்தின் மேல்பக்கம் என்று மெல்லிய தோலில் ஊசி வைக்கும் ஒவ்வொரு தடவையும் என் கை இளகுவது அந்த 'அ'வினால்தான்.

இன்னொன்றும் அது கற்றுக்கொடுத்தது. பச்சைக்கும் வயசாகும். மைத்துகளை உடம்பு வேற்றுப்பொருளாகத்தான் பார்க்கிறது. விழுங்கும் செல்கள் வந்து அதை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்த செல் செத்ததும் துகள் வெளியே விழ, பக்கத்தில் இருக்கும் புது செல் அதை எடுத்து விழுங்கிக்கொள்ளும் என்பதை 2018-ல் பிரான்ஸில் எலிகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். வருஷம் போகப்போகக் கோடு தடிக்கும், ஓரம் மங்கும். என் தொடையில் 'ண' ஒன்று இருக்கிறது, மூன்று சுழியும் பொடிசாகப் போட்டது. இன்று பார்த்தால் சுழி எல்லாம் அடைத்து ஒரே மைக்கட்டி. இதை உங்களுக்காகத்தான் சொல்கிறேன் தம்பி. அப்பாவின் கையெழுத்து தமிழில் இருந்தால், அதில் 'ண', 'இ', 'ஜ', 'ஐ' மாதிரி சுழி உள்ள எழுத்து இருந்தால், காகிதத்தில் இருந்த அளவிலேயே குத்தச் சொல்லாதீர்கள். சுழிக்குள்ளே ஒரு பச்சரிசி கிடக்கும் அளவுக்காவது இடம் இருக்கட்டும். போர்டு எழுதிய காலத்தில் தூரத்திலிருந்து வாசிக்கச் சுழியைத் திறந்து எழுதுவோம். இங்கே தூரம் என்பது வருஷம்.

நிறத்துக்கும் இதே கதைதான். போனில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் குத்தியவை. நம் மாநிறத்தில் மஞ்சளும் இளநீலமும் ஆறினபிறகு தேடவேண்டியிருக்கும். என் 11 பச்சையில் மூன்று கலர். இன்றைக்குத் தெளிவாக இருப்பவை கறுப்பு மட்டும்தான்.

ஆகவே, நீங்கள் எழுந்து வந்ததில் தப்பில்லை, மனசு ஒப்பாமல் கையை நீட்டக்கூடாது. ஆனால் மறுபடி ஒரு தடவை அங்கே போங்கள். அன்றன்று எடுத்த படத்தைக் காட்டினால் போதாது, அது யார் குத்தினாலும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு வருஷம் ஆன வேலை ஏதாவது இருந்தால் காட்டச் சொல்லுங்கள். ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன் பிரிக்கிறாரா, மையைப் புதிய சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறாரா என்று பாருங்கள். அப்புறம், "அண்ணே, நீங்க முதல்ல யார்மேல போட்டுப் பழகினீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படி இருக்கிறது என்பது, கையில் பச்சை இருப்பதைவிட அதிகம் சொல்லும்.

கேள்வி: டாட்டூ போட்டால் ரத்ததானம் செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா? டாட்டூ போடுகிறவர்களே அதனால்தான் போட்டுக்கொள்வதில்லையா?
— ஒரு கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

ஒரேயடியாக முடியாது என்பது தப்பு. நம் நாட்டில் ரத்த வங்கிகளுக்கான விதிப்படி, பச்சை குத்தி 12 மாதம் கொடுக்கக்கூடாது. அப்புறம் கொடுக்கலாம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி மாதிரியான தொற்று ஊசிவழி வந்திருந்தால் அது தெரியவரும்வரைக்குமான காத்திருப்பு அது.

மற்றவர்களைப் பற்றித் தெரியாது, என் விஷயத்தில் நீங்கள் கேட்டது முழு உண்மை. 2013-ல் என் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. முகம் தெரியாத நான்கு பேர் வந்து கொடுத்தார்கள். அந்த வாரம் என் தொடையில் பன்னிரண்டாவதற்கு ஸ்டென்சில் வெட்டி வைத்திருந்தேன். அதைப் போடவில்லை. 12 மாதம் காத்திருந்தேன், அன்றிலிருந்து உடம்பு ஒத்துழைத்தால் ஆண்கள் கொடுக்கக்கூடிய மூன்று மாதக் கணக்கில் கொடுத்துவருகிறேன். ஒரு பச்சை என்றால் ஒரு வருஷம், நான்கு தடவை போய்விடும். என் கை வெறுங்கையாக இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, ஓவியம் படித்திருக்கிறேன், டாட்டூ கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் காது குத்திய இடத்தில் எனக்குச் சதை கட்டியாக வளர்ந்து, கெலாய்டு என்றார்கள். உடம்பில் எங்கேயும் குத்தக்கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். "உன் உடம்பில் ஒன்றுகூட இல்லை என்றால் கஸ்டமர் நம்பமாட்டார்" என்று ஒரு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லையா?
— ஒரு வாசகி, வயது 22, குளச்சல்

மக்களே, டாக்டர் சொன்னதை மீறி ஒரு புள்ளிகூடக் குத்திக்கொள்ளாதே. மற்ற தழும்பு காயத்தின் எல்லைக்குள் அடங்கும், கெலாய்டு எல்லையைத் தாண்டி வளரும். நம் நிறத்துக்காரர்களுக்கு அது வர வாய்ப்பும் கூடுதல். காதுமடல், தோள், நெஞ்சு எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். வேலைக்காக யாரும் அந்த வேதனையை விலைக்கு வாங்கக்கூடாது.

மேலே தக்கலைத் தம்பிக்கு நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இவரும் அதைத்தானே சொல்கிறார், முதல் தப்பு தன்மேல் விழணும் என்று" என நீ வருத்தப்படலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் பிடிவாதமாக இருந்தேன். என்னை மாற்றியது என் கடைக்கு வேலைக்கு வந்த ஒரு பெண். அவள் உடம்பில் பச்சை இல்லை, சர்க்கரை வியாதி, போட்டுக்கொள்ளவும் தயாரில்லை. முதல் ஒரு வருஷம் மெஷினைத் தொடவிடவில்லை. அவளாக ஒரு நோட்டு போட்டாள். பச்சை குத்திப் போகிற ஒவ்வொருவருக்கும் நான்காம் நாள், பதினான்காம் நாள், ஒரு மாதம் கழித்து என்று போன் போடுவாள். எப்போது அரிக்கத் தொடங்கியது, எப்போது பொருக்கு உதிர்ந்தது, எந்த இடத்தில் மை போனது, என்ன வேலை செய்கிறார் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தாள்.

அந்த நோட்டிலிருந்து நான் கற்றுக்கொண்டவை என் தொடை சொல்லாதவை. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு முன்கைப் பச்சை திட்டுத்திட்டாகப் போயிருந்தது. விடியற்காலை பாலும், ஷீட் அடிக்கும்போது ஊற்றுகிற ஆசிட்டும் ஆறாத தோலில் பட்டிருக்கிறது. இப்போது அவர்களிடம், இலை உதிரும் காலத்தில் வெட்டு நிறுத்துவீர்களே, அப்போது வாருங்கள் என்கிறோம். வலை இழுக்கிறவர்களுக்கு உள்ளங்கைப் பக்கம் நிற்காது, புறங்கை தாங்கும், ஆனால் மூன்று வாரம் கடலில் இறங்கக்கூடாது. அதனால் மீன்பிடித் தடைக்காலத்தில் வரச் சொல்கிறோம். என் ஒரு தொடையை வைத்து இதையெல்லாம் நான் எந்தக் காலத்திலும் அறிந்திருக்கமாட்டேன். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற தொடை அது.

முதல் தடவை அவள் மனிதத்தோலில் குத்தியதும் என் மேல்தான். குத்தினால் ரத்ததானம் கெட்டுவிடுமே என்று அவளே தயங்கினாள். நான்தான் அந்த ஒரு வருஷத்தை விட்டுக்கொடுத்தேன். ஒரு சின்ன மீன், கட்டைவிரல் நகம் அளவு. அந்த 11-இல் நேராக இருப்பது அது ஒன்றுதான் என்று சொல்ல ஆசை, ஆனால் அது அந்த 11-இல் சேராதது, வலது கெண்டைக்காலில் இருக்கிறது.

நீயும் அப்படி ஒரு இடம் தேடு. தன் தோலை உனக்குத் தருகிற குரு கிடைக்கும்வரை கடை மாறிப் பார். அதற்கு முன்னால் ஒன்று, ஊசியைத் தொடும் முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். அந்த வைரஸ் காய்ந்த ரத்தத்துளியில் ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். குத்திக்கொள்ளாதவர் கையிலும் ஊசி தவறிக் குத்தும். கஸ்டமர் உன் கையைப் பார்த்துத் தயங்கினால் காதில் இருக்கும் தழும்பைக் காட்டி உள்ளதைச் சொல். "உங்களுக்கும் கெலாய்டு வரும் என்றால் நான் குத்தமாட்டேன்" என்றும் சொல். அப்படிச் சொல்ல முடிகிற ஆள் இந்த மாவட்டத்துக்குத் தேவை.

கேள்வி: எங்கள் அம்மையின் முன்கையில் புள்ளிக்கோலம் மாதிரி ஒரு பச்சை இருந்தது. ஊருக்கு வந்த குறத்தி குத்தியதாம். அம்மை சொல்வாள், அந்தக் குறத்திக்கு இரண்டு கையிலும் இடமில்லாமல் பச்சை, "இதுபோல ஒண்ணு" என்று அவள் கையைத் தொட்டுக் காட்டித்தான் குத்திக்கொண்டதாக. பச்சை குத்துகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்களா?
— ஒரு வாசகி, வயது 74, தோவாளை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். எல்லாரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் அம்மை கண்ட அந்தக் கைகள் என் சுவரில் மாட்டியிருக்கும் படங்களின் வேலையைச் செய்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் களிங்கா மலைப்பகுதியில் வாங்-ஓட் என்றொரு மூதாட்டி இருக்கிறார், 1917-ல் பிறந்தவர். முள்ளும் கரியும் வைத்துத் தட்டித்தட்டிக் குத்துகிறவர். அவர் கைகளும் அப்படித்தான், தோள்வரைக்கும் பச்சை.

நம் பக்கத்து மையை எப்படிச் செய்தார்கள் என்பதை 1900-களின் தொடக்கத்தில், சென்னை அருங்காட்சியகத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்பொடியும் அகத்திக்கீரையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டி கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். தையல் ஊசிகள் சிலவற்றை நூலால் சேர்த்துக் கட்டியதுதான் மெஷின். ஒரே ஊசிக்கட்டு வீடுவீடாகப் போனதை இன்றைக்கு ஏற்க முடியாது. ஆனால் அந்தக் குறத்தியிடம் ஒரு நேர்மை இருந்தது. குத்தினால் எப்படி இருக்கும், 20 வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அவள் வாயால் சொல்லவேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். யாரோ ஒரு அக்காளோ அத்தையோ அவள்மேல் பழகியிருப்பாள். அவள் கையில் இருந்த கோணல்களும் சேர்த்துத்தான் உங்கள் அம்மை பார்த்திருப்பார்.

அம்மா, ஒரு உதவி. அந்தக் கோலத்தில் எத்தனை புள்ளி, கோடு புள்ளியைச் சுற்றிப் போனதா இல்லை புள்ளியைத் தொட்டுப் போனதா என்று ஞாபகம் இருந்தால், ஒரு தாளில் வரைந்து பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை, பேத்திகள் யாரையும் நேராக்க விடாமல் நீங்களே வரையுங்கள்.